கீபோர்டு சத்தம்

அன்புள்ள பிரின்சிக்கு,

கர்த்தர் கிருபையில புனேல நல்லா கீறேன். கும்மிடிப்பூண்டியில மழை நின்னுச்சா? உன் கம்பெனி பஸ் ஊட்டாண்ட வருதா?

போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதறேன். ரூம்ல கம்ப்யூட்டர்ல கேம் ஆடறதுக்கு நானே ஒரு கீபோர்டு செஞ்சேன். ஒவ்வொரு ஸ்விட்சா மாட்டி, மேல பட்டன் வச்சேன். தட்டினா டக்குடக்குன்னு நல்லா கேக்கும். ஞாயித்துக்கிழமை நம்ம ஷெரின் கூப்பிட்டப்ப அதுலதான் ஆடிக்கினு இருந்தேன். கொழந்த அந்த டக்குடக்கு சத்தத்தக் கேட்டுட்டு, ஆபீஸ் வேலைன்னு நெனச்சு, "அப்பா, வேலையா இருக்கியா? அப்புறம் பேசறேன்"னுச்சு. நானும் ஆமான்னுட்டேன். உடனே போன வச்சிடுச்சு. அதுக்கப்புறம் அதத் தொட மனசே வரல.

அவ ஸ்கூல் போட்டோ ஒண்ணு அனுப்பு, ரூம்ல மாட்டணும். ஷிப்டுக்கு நேரமாச்சு. இனிமே இன்னா சத்தம் கேட்டாலும் போன வைக்காம பேசச் சொல்லு.

உன்
ஜெரால்ட்