முடித்த பிறகு தொடங்கிய வேலை

நைனா, உன் சாப்பாட்டுப் பையைத் திறந்ததும் கிரீஸ் வாசனை முகத்தில் அடித்தது. சிவப்புப் பென்சில் தேடித்தான் திறந்தேன். அம்மா தூங்குகிறாள். செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கும்மிடிப்பூண்டி கம்பெனியின் ரிப்பேர் ரிப்போர்ட்டை நீ வீட்டுக்குக் கொண்டுவருவாய். தொடங்கிய தேதி, முடித்த தேதி இரண்டையும் நீ படிக்க, எத்தனை நாள் என்று நான் சொல்வேன். நீ பென்சிலால் வட்டம் போடுவாய். "ஆரம்பிச்ச நாளையும் சேத்து எண்ணு பாப்பா. அன்னிக்கும் மெஷின் நின்னுக்கினுதான இருந்துச்சி."

ஒருமுறை தேதிகளை மாற்றி எழுதி, மைனஸ் நாலு என்றேன். "இன்னா பாப்பா, ஒடையறதுக்கு முன்னாடியே சரி பண்ணிட்டனா? உன் நைனா மந்திரவாதிதான் போ" என்று சிரித்துச் சிரித்து லுங்கியெல்லாம் டீயைக் கொட்டிக்கொண்டாய்.

இன்று சாயங்காலம் சித்தப்பா கம்பெனிப் பேப்பர்களோடு வந்தார். அவருக்கும் அங்கேதானே வேலை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"கதவு சுவிட்ச பதினொன்னாந்தேதியே சரி பண்ணியாச்சாம் அண்ணி. அண்ணன்தான் அத கழட்டி வுட்டுட்டு உள்ள கைய வுட்டுச்சாம். நாளைக்கி நீங்க இதுல கையெழுத்து போட்டுட்டா முடிஞ்சிரும்."

"அவரு அப்டி செய்யிற ஆளாப்பா?"

"பேப்பர்ல அப்டித்தான் இருக்குது. நான் இன்னா பண்றது?"

கதவைத் திறந்தால் மெஷின் நிற்க வேண்டும். பதினான்காம் தேதி நிற்கவில்லை. நீ திரும்பி வரவில்லை.

அவர் போனதும், வைத்துவிட்டுப் போன பேப்பர்களில் இருந்த ரிப்பேர் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். கதவு சுவிட்ச் வரியில் நாள் கட்டம் மட்டும் காலி. பழக்கத்தில் நானே கழித்தேன். முடித்தது பதினொன்று. தொடங்கியது பதினாறு. மைனஸ் ஐந்து.

தொடங்கிய தேதியைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும், முடித்த தேதியைத்தான் ஆள் அடிக்க வேண்டும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். உனக்குப் பால் தெளித்துவிட்டு வந்த அன்றுதான், நைனா, அந்த வேலையையே தொடங்கியிருக்கிறார்கள்.

மூன்று முறை கழித்துப் பார்த்துவிட்டேன். தேதிகளை நான் மாற்றி எழுதவில்லை.

சித்தப்பாவை நினைத்தால் பயமாக இருக்கிறது. இருந்தாலும் இரண்டு தேதிக்கும் வட்டம் போட்டுவிட்டேன். காலையில் அம்மா பேனாவை எடுப்பதற்குள் காட்டிவிடுவேன்.

இன்று இருபத்திரண்டு. நீ போய் எட்டு நாள் என்கிறாள் அம்மா. எனக்கு ஒன்பது. நீ போன நாளையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.