ஜிமிக்கிக்கு மருந்து

பாப்பா அப்பாவுக்கு,

கான்பூரில் வேலை முடிந்ததா? இங்கே நம் பூனை சீனிக்குத்தான் சரியில்லை. மீன் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

ஆம்பூர் டாக்டருக்கு நோய் இன்னதென்று பிடிபடவில்லை. தோல் கம்பெனித் தண்ணீரைக் குடித்திருக்குமோ என்றார். ஊசி போடும் பெண் பூனையைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னா ஜிமிக்கி, மறுபடி வந்துட்டியா? போன மாசம் சாரும் அவர் வூட்டுக்காரம்மாவும் தூக்கினு வந்தாங்களே. நீங்க யாரு?"

போன மாதம் நான் ஒடுகத்தூரில் அம்மாவுக்குத் துணையாக இருந்தேன். பக்கத்து வீடு என்று சொல்லிவிட்டேன்.

சீனி என்று நான் கூப்பிட்டால் பல்லைக் கடித்துக்கொள்கிறது. ஜிமிக்கி என்றால்தான் மருந்துக்கு வாயைத் திறக்கிறது. மூன்று வேளையும், நம் வீட்டில், அந்த அம்மா வைத்த பெயரை நான்தான் கொஞ்சிக் கொஞ்சிச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுக்காரி