நீ அமுக்கிக்கொண்டே இருந்த பொத்தான்

இன்று காலையும் பினாங்கு ஜெலுத்தோங் சிவப்பு விளக்கில் இன்ஜின் தானாக நின்றது. கொஞ்ச நேரத்தில் ஏசி துவாரத்திலிருந்து வந்த குளிர் போய், துவைத்த துணியைக் காயப்போடாமல் சுருட்டி வைத்தால் வருமே, அந்தப் புழுக்க வாடை வந்தது. உனக்குத் தெரியாத வாடையா? மூக்கைச் சுளித்து, "நின்னுட்டாடி உன் மகாராணி!" என்று சொல்லிக்கொண்டே கியருக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தானை எட்டி அமுக்குவாய். வளைந்த அம்புக்குள் ஓர் ஆங்கில ஏ. அமுக்கியதும் இன்ஜின் ஓட ஆரம்பிக்கும், வீடு வரும்வரை எந்த விளக்கிலும் நிற்காது. இன்று உன் சீட் காலி. நான் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு, காரை நேராக வொர்க்‌ஷாப்புக்கு விட்டேன்.

அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உட்கார்ந்து என்று சொல்வது பொய். உட்காருகிறேன், எழுந்து வாசல்வரை போகிறேன், திரும்பி வருகிறேன். வொர்க்‌ஷாப் தம்பி முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னாக்கா, பெட்ரோல் மிச்சமாகட்டும்னு கம்பெனிக்காரனே குடுத்திருக்கான். அதைப் போயி வேணாங்கிறீங்க?"

"வேணாம்னா வேணாம் லா. எடுத்துடு."

"எடுக்க முடியாதுக்கா. ஒவ்வொரு தடவ ஸ்டார்ட் பண்ணும்போதும் நீங்க பட்டனை அமுக்கினா போதும். மறுபடி ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா அது பழையபடி வந்துடும், அவ்வளவுதான்."

"அமுக்க மாட்டேன்," என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு, ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அதை உள்ளே மாட்டிவிட்டால் கடைசியாக எப்படி வைத்தோமோ அப்படியே இருக்கும் என்றான். மாட்டு என்றேன். வாரண்டி போய்விடும் என்றான். போகட்டும் என்றேன். என்னால் அந்தப் பொத்தானைத் தொட முடியவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

நீயும் நானும் பாலத்துக்கு அக்கரையில், பிறை ஊர் ஃபேக்டரியில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். நீ மோல்டிங் மெஷினில், நான் தரம் பார்க்கும் கியூசியில். இருபது வருஷமாக உன் மெஷின் தள்ளும் பிளாஸ்டிக் மூடிகளை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் குறை சொல்லியிருக்கிறேன். "கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாரு, எல்லாம் நல்லாத்தான் இருக்கும்," என்பாய். உன் வீட்டுக்காரர் ஐந்து மணிக்கே லாரி எடுக்கப் போய்விடுவார். ஆறு மணிக்கு உன் ஃப்ளாட்டுக்குக் கீழே நான் காரை நிறுத்துவேன். அந்தக் கடல் பாலம் ஏறி இறங்குவதற்குள் மாமியார் கதை, மருமகள் கதை, சூப்பர்வைசர் கதை எல்லாம் முடிந்துவிடும். பேசுவது பாதிக்கு மேல் நான்தான். அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்தப் புதுக் காரை எடுத்தபோது நான் போட்ட ஆட்டம் உனக்குத் தெரியும். சேல்ஸ்மேன் சொன்னதையெல்லாம் மனப்பாடமாக உனக்கு ஒப்பித்தேன். நின்றால் இன்ஜின் நிற்கும், பிரேக்கை விட்டால் தானாகக் கிளம்பும், எவ்வளவு மிச்சம் தெரியுமா என்று. நீ சிரித்தாய். முதல் வருஷம் முழுக்க அந்தப் பொத்தான் பக்கம் உன் கை போனதே இல்லை. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. போன வருஷ மழைக்குப் பிறகுதான் ஆரம்பித்தாய். மூன்று மணி ஷிஃப்ட் முடிந்து, வெயில் கொளுத்தும்போது, பாலத்து ஜாமில் இன்ஜின் நிற்கும். உடனே உன் விரல் அங்கே இருக்கும்.

"ஏண்டி, உனக்கு என்னாடி வந்துச்சு?" என்று கேட்டால், "மெஷின் நின்னா என் கை சும்மா இருக்காதுடி. நம்ம பொழப்பு அப்படி," என்பாய். நான் நம்பினேன். ஆபரேட்டர் புத்தி என்று கிண்டல் செய்தேன். நீ அமுக்குவாய், நான் மறுபடி அமுக்கி மாற்றுவேன். நீ திரும்ப அமுக்குவாய். சின்னப் பிள்ளைகள் லைட் சுவிட்சோடு விளையாடுவதைப் போல இருந்தோம். எனக்கு அது விளையாட்டு. உனக்கு இல்லை.

அந்த வியாழக்கிழமையை மட்டும் யாராவது என் மண்டையிலிருந்து பிடுங்கிப் போட்டால் நன்றாக இருக்கும். பாலத்தில் ஏதோ லாரி கவிழ்ந்து, வண்டிகள் அப்படியே நின்றன. அன்று காலையில் மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைத் திட்டியிருந்தார். நான் கொதித்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் நின்றது. நீ கையை நீட்டினாய். நான் உன் கையைத் தட்டிவிட்டேன். மெதுவாக இல்லை, சத்தம் கேட்டது.

"உன் அதிகாரத்தை உன் மெஷின்ல வெச்சுக்கோ. இது என் காடி. ஓசியில வர்றவளுக்கு எதுக்கு இவ்வளவு நாட்டாமை?"

நீ சன்னல் கண்ணாடியை இறக்கினாய். அதற்கும் விட்டேனா? "இருக்கிற கொஞ்ச ஏசியும் போகுது, மூடு," என்றேன். மூடினாய். பாலத்தின் நடுவிலிருந்து உன் ஃப்ளாட்வரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாய். அழுகிறாய் என்று நினைத்தேன். அழட்டும் என்றும் நினைத்தேன், பாவி.

அன்று மாலையே உன்னிடமிருந்து செய்தி வந்தது. "நாளைலேர்ந்து ஃபேக்டரி பஸ்ல வரேன். நீ எனக்காகச் சுத்திக்கிட்டு வர வேணாம்." சரி என்று ஒற்றை வார்த்தை போட்டேன். மூன்று வாரம். கேண்டீனில் நீ ஒரு மேசை, நான் ஒரு மேசை. ஒருநாள் நீ எழுந்து என் பக்கம் வந்தாய். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவதுபோல் வெளியே போய்விட்டேன். போனில் யாருமே இல்லைடி. அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்று உன் மகள் போன் செய்தாள்.

உன் வீட்டுக்கு வந்தேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இதயத்துல கோளாறு, வெக்கை ஆகவே ஆகாதுன்னு போன வருஷம் டாக்டர் சொன்னதிலேர்ந்து எனக்கு ஒரே கவலைம்மா. ஃபேக்டரிக்குத் தெரிஞ்சா மெஷினை விட்டு இறக்கிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்ல விடல. ஆனா போக வர உங்க காடியில ஏசி நிக்காது, நீங்க நல்லா பாத்துக்கிறீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டீங்க தங்கச்சி. நீங்க நல்லா இருக்கணும்."

உன் சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டினேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்!

அப்போதுதான் புரிந்தது. நீ பஸ்ஸுக்கு மாறியது அவருக்குத் தெரியாது. நான் தட்டிவிட்டதும் தெரியாது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் மூன்று வாரம் வீட்டில் பொய் சொல்லியிருக்கிறாய். கருமாதிக்கு உன் பிறந்த வீட்டு உறவுக்காரிகளோடு என்னையும் முன் வரிசையில் உட்கார வைத்தார் அவர். உன் புதுச் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். அந்த அறைக்குள் போகவே பிடிக்கவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கு நஷ்டம், அந்த மனுஷனாவது நிம்மதியாக இருக்கட்டுமே என்று ஒரு மனசு சொல்லும். அவர் நன்றியைத் திருடித் தின்கிறாயே என்று இன்னொன்று காறித் துப்பும். இப்படியே நாற்பது நாள்.

போன ஞாயிறு போய்ச் சொல்லிவிட்டேன். அவர் பூனைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். கையைத் தட்டியது, ஓசி என்றது, கண்ணாடியை மூடச் சொன்னது, பஸ், கேண்டீன், எல்லாம். திட்டுவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால்கூட நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

சட்டியில் மிச்சமிருந்த சோற்றையும் பூனைக்கு வழித்துப் போட்டார். பிறகு கேட்டார்.

"அந்த பஸ்ல ஏசி இருந்துச்சா?"

"தெரியாதுண்ணே. நான் கேக்கலண்ணே."

"சரிம்மா. தெரிஞ்சா சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, உன் ஃப்ளாட்டுக்கு எதிரே உள்ள முச்சந்தியில் போய் நின்றேன். பஸ் வந்தது. ஏறினேன். ஏசி இருந்ததுடி. பழைய பஸ், முக்கால்வாசி துவாரம் உடைந்து தொங்கியது. மூன்றாவது வரிசையில் மட்டும் குளிர் நேராக வந்து கொட்டியது. அங்கே ஒரு மலாய்க்கார அக்கா உட்கார்ந்திருந்தார், பேக்கிங் செக்‌ஷன். உன்னைத் தெரியுமா என்று மலாயில் கேட்டேன்.

"தெரியாமலா?" என்றார். "இந்த இடம் அவங்களுக்குத்தான் விட்டு வெச்சிருந்தோம். இதயம் சரியில்லைல்ல அவங்களுக்கு."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அவ யாருக்கும் சொல்லலையே!"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ரெண்டாவது நாளு ஏறும்போது மூச்சு வாங்குச்சு. என்ன செய்யுதுன்னு கேட்டேன். சொன்னாங்க."

ஃபேக்டரி வாசலில் இறங்கியதும் உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "இருந்துச்சுண்ணே, ஏசி நல்லா இருந்துச்சு. நல்ல எடமாப் பாத்து உக்கார வெச்சிருக்காங்க," என்றேன். அவர் "அப்பாடா" என்றார். அவருக்கு அது போதும்.

அந்த அக்கா கடைசியாகச் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. பெயர்கூடத் தெரியாத ஒருத்தி இரண்டாவது நாளே கேட்டிருக்கிறாள். கேட்டதும் நீ சொல்லியிருக்கிறாய். நீ அந்தப் பொத்தானை அமுக்கிய ஒரு வருஷமும் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தவள் நான். என்னடி செய்யுது உனக்கு என்று ஒரு தடவை, கிண்டல் இல்லாமல், உன் முகத்தைப் பார்த்து நான் கேட்டிருந்தால் எனக்கும் சொல்லியிருப்பாய்.