ஒற்றைப் பக்கக் காகிதம்

மார்ச் 4

என் அருமைச் சிடுமூஞ்சிக்கு,

நலமா என்று கேட்டால், "கேட்காவிட்டால் தெரியாதா" என்பாய். ஆனாலும் கேட்கிறேன்.

இங்கே வீடு முழுக்கக் காகிதக் குப்பை. அச்சகத்தில் புத்தக ஓரம் வெட்டும்போது விழுகிற நீளத் துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தேன். துண்டின் ஒரு முனையை ஒரு தடவை புரட்டி மறுமுனையோடு ஒட்டினால், அந்த வளையத்துக்கு ஒரே பக்கம்தான். நம் மகள் நம்புவாளா? நடுவில் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே போனாள். கையை எடுக்காமலே தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டாள். பார்த்தால் உள்ளும் வெளியும் கோடு. அந்தக் கோட்டின் மேலேயே வெட்டினோம். இரண்டாகப் பிரியும் என்று பந்தயம் கட்டினாள். பிரியவில்லை, ஒரே பெரிய வளையமாக நீண்டது. வாண்டு போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். இப்போது அவரும் எங்களோடு உட்கார்ந்து வெட்டுகிறார்.

நீ இருந்திருக்க வேண்டும்.

உன் பைண்டர்

மார்ச் 19

அன்புள்ள வாண்டு அப்பாவுக்கு,

குப்பையை யார் பெருக்குகிறார்கள்? அதை மட்டும் எழுதவில்லை.

கடிதம் படித்ததும் விடுதி அறையில் பழைய காலண்டரைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் புத்தி, எதையும் இரண்டு தடவை எண்ணித்தான் பழக்கம். காகிதத்தையும் இரண்டு தடவை புரட்டிவிட்டேன். வெட்டினால் சங்கிலி மாதிரி கோத்துக்கொண்ட இரண்டு வளையங்கள். அறைத்தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளிடம் காட்டி என்ன செய்ய? வாண்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என் வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டச் சொல்கிறார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று கேட்கிறேன், பூசி மெழுகாமல் சொல்லுங்கள். அவள் என்னைத் தேடுகிறாளா?

உங்கள் சிடுமூஞ்சி

ஏப்ரல் 2

சிடுமூஞ்சி,

நீ அனுப்பியதை வாண்டு தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். "அம்மாவா பண்ணாங்க? அம்மாவுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியுமா?" என்றாள்.

நாள் முழுக்க டாக்டருக்குக் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுக்கிறவளைப் பற்றி இப்படி ஒரு சந்தேகமா என்று முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. முன்பெல்லாம் தேடினாள். இப்போது தேடுவதில்லை. யாராவது கேட்டால், "அம்மா வெளியூர்ல இருக்காங்க" என்று யாரோ தூரத்துச் சொந்தத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறாள்.

இதை வைத்து அவசரப்பட்டு முடிவெடுக்காதே. கையெழுத்துப் போடுவதானாலும் போடு, சமாளித்துக்கொள்வோம். அவளுக்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை.

உன் பைண்டர்

ஏப்ரல் 15

அன்புள்ள வாண்டு அப்பாவுக்கு,

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உங்கள்மேல் கோபமில்லை. கேட்டது நான்தானே.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்றார் மேட்ரன். யோசித்தாகிவிட்டது. கையெழுத்துப் போடவில்லை, டிக்கெட் வாங்கிவிட்டேன்.

நான் வந்ததும் "கட்டிப்பிடி, முத்தம் கொடு" என்று அவளைப் பிடித்துத் தள்ளாதீர்கள். ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். அவள் வெட்டும்போது காகிதம் நழுவாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்தானே? அந்த இடம் போதும் எனக்கு. கதவைத் திறந்து "யாரு வேணும்?" என்று கேட்டுவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.

இதற்குப் பதில் எழுதாதீர்கள். அது வந்து சேரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன்.

உங்கள் சிடுமூஞ்சி