விரதம் முடிக்காத பவுனு

ஸ்ரீரங்கம்
22-7-1963, திங்கட்கிழமை

அன்பு மகன் மருதைக்கு அம்மா பொன்னுத்தாய் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மருமகள் வீரம்மாளும் பேரப்பிள்ளையும் கரக்பூரில் சுகமாக இருக்க வேண்டும் என்று சமயபுரத்தாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை அப்படி எழுத மாட்டேன் என்கிறது. முசிறி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஸ்ரீரங்கம் என்று இருப்பதைப் பார்த்து நீ திகைத்திருப்பாய். உன் தங்கை பவுனம்மாளை அழைத்துக்கொண்டு ஆனி பிறந்ததும் இங்கே வந்துவிட்டேன், வடக்கு வாசலுக்கு வெளியே ஒரு பூக்காரர் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறோம். தூர தேசத்தில் இருக்கிறவனைக் கலங்கடிக்காதே என்று அப்பா உனக்கு எழுத வேண்டாமென்றார், நானும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. நின்று படித்தால் உட்கார்ந்துகொள்.

தை மாதம் பவுனுக்கு வளைகாப்புக்கு நாம் நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாதம் நிறையாமல் துறையூரில் மாமியார் வீட்டிலேயே குழந்தை பிறந்து அது தங்காமல் போனதும், மாப்பிள்ளை அவளை நம் வீட்டில் கொண்டுவந்து விட்டுப்போனதும் உனக்குத் தெரியும். அவள் மயக்கம் தெளிவதற்குள் குழந்தையை எடுத்துப் போய்விட்டார்களாம், முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. நம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, எடுத்தால் மனம் நோகும் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தோம். கடைசியில் அவளோடு என்ன பேசுவதென்றே தெரியாமல் ஆளுக்கொரு வேலையைப் பார்த்துக்கொண்டு விலகிவிட்டோம். மாசிக் கடைசி ஞாயிறு சமயபுரத்தில் பூச்சொரிதல் ஆனதும் அன்றைக்கே இவள் சோற்றைத் தள்ளிவிட்டாள். நமக்காக ஆத்தாளே பச்சைப் பட்டினி கிடக்கிற காலம் அல்லவா, அவள் எடுத்துக்கொள்கிற துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் மட்டும் இவளுக்கும் போதும் என்றாள். பிறகு ஒரு நாள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நான்தான் வந்திருக்கேன் என்று அதட்டினாள் பார், அப்பா அங்கேயே விழுந்து கும்பிட்டார். ஊரே திரண்டு வந்தது, தொட்டியத்திலிருந்து கூட வண்டி கட்டிக்கொண்டு குறி கேட்க வந்தார்கள். நீயும்தான் பொன்மலை ரயில்வே பட்டறைக்கு மாற்றல் கிடைக்குமா என்று ஆத்தாவைக் கேட்டு எழுதச் சொல்லிக் கடிதம் போட்டாய், சித்திரைக்குள் கிடைக்கும் என்று அவளும் சொன்னாள். உன் மாற்றல் வந்த அழகைத்தான் பார்க்கிறோமே.

பங்குனிக் கடைசி ஞாயிறு சமயபுரத்தாள் விரதம் முடித்தாள், அவளுக்குச் சோற்றுத் தளிகை போட்டார்கள். இவள் முடிக்கவில்லை. எனக்குப் பயம் தொடங்கியது அன்றைக்குத்தான். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனேன், நீ யாரு எனக்கு ஊட்ட என்று தட்டிவிட்டாள், அந்தப் பார்வையில் என் பெண்ணே இல்லை. சித்திரையில் ஒரு நாள் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையில் ஏந்தி அணைய விடாமல் வைத்திருந்தாள், கை வெந்துபோயிற்று, முகம் கூடச் சுளிக்கவில்லை. இன்னொரு நாள் பட்டப்பகலில் எல்லோரும் பார்த்திருக்கக் காவேரி மடுவுக்குள் இறங்கிவிட்டாள், வாழைத்தார் ஏற்ற வந்த ஆட்கள் குதித்து இழுத்துப் போட்டார்கள். அதன்பிறகு ஆத்தா என்று சொன்ன ஊரே பேய் என்று சொல்லத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டார்கள், இரண்டு நாள் தூங்கினாள், எழுந்ததும் பழையபடி அதட்டல். அங்கே இருந்த நர்ஸ் அம்மாள்தான் திருச்சி புத்தூரில் லூர்துராணி என்று ஒரு டாக்டர் அம்மா இருக்கிறார், இப்படிப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசியே வைத்தியம் செய்கிறார் என்று சொன்னார். பேச்சில் என்ன வைத்தியம் என்று அப்பா முணுமுணுத்தார், ஆனாலும் எங்களை இங்கே கொண்டுவந்து விட்டார்.

அந்த அம்மாளைப் பற்றி உனக்கு எப்படிச் சொல்ல? என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், காதில் ஒரு பொட்டுத் தங்கம், வெள்ளைப் புடவை. முதல் நாள் பஸ் ஏறிப் புத்தூரில் அவர் அறைக்குள் போனதும் இவள் வழக்கம்போல் விழுந்து கும்பிடு என்றாள். டாக்டர் அம்மா கோபிக்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை. எனக்கு அது வராதும்மா, பக்கத்துல உக்காந்துக்கட்டுமா என்று கேட்டுப் பாயில் உட்கார்ந்தார். இவள் காறித் துப்பினாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கும் இதே நேரத்துக்கு நான் இங்கதான் இருப்பேன் பவுனு என்றார், அவ்வளவுதான் அன்றைய வைத்தியம். மறுநாளும் இருந்தார். இவள் திட்டுவாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். இவள் பேசாமல் சுவரைப் பார்ப்பாள், அவரும் அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் அவருடைய தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று திடீரென்று ஊருக்குப் போய்விட்டார். அந்த நாட்களில் இவள் செய்த அமர்க்களத்தை எழுத முடியாது, வீட்டுக்கார அம்மாளின் பூக்கூடை அத்தனையையும் மிதித்துத் துவைத்துவிட்டாள். டாக்டர் அம்மா திரும்பி வந்ததும் இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கிட்டச் சொல்லாமப் போனது என் தப்புதான், நீ கோவப்படலாம், நான் ஓட மாட்டேன் என்றார். துறையூரிலும் சரி, நம் வீட்டிலும் சரி, யாராவது அவளிடம் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறோமா? இவள் திரும்பவில்லை, ஆனால் தோள் குலுங்கியது, நான் பார்த்தேன்.

ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, நீங்க அவகூட எப்ப உக்காருவீங்க அம்மா என்று கேட்டார். எப்போதும் கூடத்தான் இருக்கிறேன் என்றேன். அவ அம்மனா இருக்கும்போதா, பவுனா இருக்கும்போதா என்று கேட்டார். பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டி வருகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அம்மனாக இருந்தபோதுதான் ஊரும் உறவும் அவளைச் சுற்றி உட்கார்ந்தது. பவுனாக மூலையில் கிடந்தபோது யார் வந்தார்கள்? பவுனாகவே திரும்பி வந்தால் அவளுக்கு இங்கே என்ன இருக்கிறது, அந்த மூலையைத் தவிர? நான் அறிவாளி இல்லை, எனக்கு விளங்கியது இவ்வளவுதான். இன்னொன்றும் சொன்னார். அவளிடம் தைரியசாலி மாதிரி நடிக்காதீர்கள், பயந்தால் பயந்தேன் என்றே சொல்லுங்கள் என்றார். அதுவரை நான் என் பயத்தை யாரிடமும் சொன்னதில்லை. நான் பெற்ற பெண்ணைப் பார்த்து நானே பயப்படுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அரிவாள்மனையை அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். அவள் பக்கத்தில் படுக்கிறேன், ஆனால் கதவோரமாகப் படுக்கிறேன். இந்த ஆடி மாதம் வேறு, எந்தத் தெருவில் பம்பை அடித்தாலும் இவள் உடம்பு முறுக்குகிறது, ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறேன். இதில் வீட்டுக்காரி காளியாயி நல்லவள்தான், பூவை மிதித்ததைக் கூடப் பொறுத்துக்கொண்டாள், ஆனால் மகள் கல்யாணம் எப்போது கூடும் என்று ஒரு வாக்குக் கேட்டுவிட வேண்டுமென்று தாம்பாளத்தோடு வந்து நிற்கிறாள். கும்பிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் வீரமலைப் பெரியப்பா அப்பாவின் மனதைக் கலைத்துவிட்டார். பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒரு கோயிலில் இப்படிப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்து மிளகாய்ப் புகை போடுவார்களாம், ஆடிப் பதினெட்டுக்குள் கொண்டுபோனால் பெருக்கோடு பீடை போய்விடுமாம். பதினெட்டுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை கார் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்பா கெட்டவர் இல்லை, அது உனக்கே தெரியும், மகளைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்ட நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை, ஏதாவது செய்துவிட வேண்டும் என்று தவிக்கிறார். போன வாரம் வாழைப்பழச் சீப்போடு வந்தவர் பவுனைப் பார்க்கப் பயந்து நடையிலேயே நின்றுவிட்டுப் போனார். நான் சொன்னால் உனக்கு என்ன தெரியும் என்பார். டாக்டர் அம்மாவைக் கேட்டேன், எத்தனை மாதத்தில் குணமாகும் என்று. என்னால நாள் சொல்ல முடியாதும்மா, ஆனா இப்பக் கட்டினா அவ ஒருத்தரையும் நம்ப மாட்டா என்றார். நாள் சொல்லியிருந்தால் அப்பாவிடம் சொல்லவாவது வசதியாக இருந்திருக்கும், இந்த அம்மாள் பொய் சொல்லத் தெரியாதவராக இருக்கிறார்.

இன்று மதியம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது. பவுனு எழுந்து வந்து அடுப்பங்கரை நிலைப்படியில் உட்கார்ந்தாள். நான் அசையவில்லை, இப்போது என்ன வருமோ என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அம்மா, எனக்குப் பயமா இருக்கும்மா என்றாள். மருதை, மாசியிலிருந்து அவள் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. சும்மா இருடி, என்ன பயம், நான் இருக்கேன்ல என்று சொல்ல வாய் வந்துவிட்டது, வழக்கமாக அப்படித்தானே சொல்வோம். விழுங்கிவிட்டு, எனக்கும் ரொம்பப் பயமா இருக்குடி பவுனு என்றேன். சொன்னதும் எனக்கே அழுகை வந்துவிட்டது.  அவள் மெதுவாக, அதை எங்க வச்சாங்கம்மா என்று கேட்டாள். எதை என்று நான் கேட்கவில்லை. தெரியலடி, மாப்பிள்ளையக் கேட்டு நாம ரெண்டு பேருமே போயிப் பாத்துட்டு வரலாம் என்றேன். எனக்குத்தான் பால் கட்டிக்கிட்டு வலிச்சுது, ஒருத்தரும் கேக்கல என்றாள். அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். சோறு குழைந்துபோயிற்று, அதையே மோர் விட்டுக் கொடுத்தேன், இரண்டு கவளம் சாப்பிட்டாள். நல்ல செய்தி என்று துள்ளாதே, சாயங்காலம் பம்பைச் சத்தம் கேட்டதும் மறுபடியும் தலையை விரித்துக்கொண்டு அதட்டினாள். நான் கும்பிடவில்லை. பவுனு, நான் இங்கதான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். கதவோரம் போகவில்லை. எனக்கு இன்னும் பயம் போகவில்லை தம்பி. அந்தச் சங்கிலியை நினைத்தால் பயம் இன்னும் அதிகமாகிறது, மதியம் நிலைப்படியில் வந்து உட்கார்ந்தவள் அதைப் பார்த்தால் திரும்பி வரவே மாட்டாள்.

ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்த உடனே, சாப்பாட்டைக் கூடப் பார்க்காமல் தபாலாபீஸுக்குப் போய் அப்பாவுக்கு முசிறிக்குத் தந்தி அடி. பவுனைக் கொண்டுபோக வேண்டாம், நான் லீவு போட்டு வருகிறேன் என்று சொல். மூத்த மகன் வார்த்தைக்கு அப்பா கட்டுப்படுவார். பவுனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. அதில் ஆத்தா என்று எழுதாதே, மாற்றலைப் பற்றிக் கேட்காதே. பவுனு என்று எழுது, குழந்தை போனது உனக்கும் வருத்தம் என்று எழுது. வேலைக்குப் போகும்போது வெயிலில் அலையாதே, பேரனுக்குத் தலைக்கு ஊற்றும் நாளில் மறக்காமல் சாம்பிராணி போடச் சொல். வீரம்மாளுக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம். சமயபுரத்தாள் உங்களைக் காப்பாற்றட்டும், இங்கே இருக்கிற பிள்ளையையும் எனக்கே திருப்பிக் கொடுக்கட்டும். தந்தியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா
பொன்னுத்தாய்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பவுனு வந்து யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டாள். அண்ணனுக்கு என்றேன். அண்ணன நான் கேட்டேன்னு எழுதும்மா என்றாள். மாசியிலிருந்து நம் வீட்டில் குறி சொன்னவள் ஒருவரையாவது சுகமா என்று விசாரித்ததில்லை. உன் தங்கை கேட்டதாக எழுதிவிட்டேன்.