நீ கடைசியாக அடைத்த தோட்டாக்கள்

அன்புள்ள மச்சான்,

எழுத்து மேலும் கீழுமாக ஓடினால் பொறுத்துக்கொள். வெக்ஸ்போர்ட்டில் முதியோர் வகுப்புக்குப் போய், இந்த வயதில் எழுதப் பழகிவிட்டேன். ஒரு பந்தி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆனாலும் என் கடிதங்களை நீ எழுதித் தருகிறேன் என்று, நான் சொல்லாததையும் சேர்த்துவிடும் காலம் முடிந்தது!

நீ கண்ணை மூடுமுன் கடைசியாக அடைத்துவைத்த மான்வேட்டைத் தோட்டாக்களோடு உன் மகன் வடக்கே காட்டுக்குப் புறப்பட்டான். பிரித்துப் பார்க்காமல் விடமாட்டேன் என்றேன்.

"மாமா, உது அப்பா செய்தது. அப்பா பிழை விடமாட்டார்."

அப்பா! கோப்பைக்கு வெளியே தேநீரை ஊற்றிவிட்டுக் கோப்பையைத் திட்டிய அப்பா.

"அப்ப ஒண்டைக் கழட்டிக் காட்டு."

உன் துரைமகன் பேஸ்மென்றில் குறட்டைத் தேடி எடுத்தார். தோட்டாவின் முனைச் சன்னத்தைக் கடித்துக் காயப்படுத்தியதுதான் மிச்சம், அது அசையவில்லை. இத்தனை வருடம் உன் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளையின் இலட்சணம்!

தோட்டா கழற்றும் உன் பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்தேன். அதன் பொள்ளல் தலைக்குள் தோட்டாவைப் பூட்டி மரக்கட்டையில் அடித்தால், சன்னமும் வெடிமருந்தும் கழன்று அதற்குள்ளேயே விழவேண்டும். விழவில்லை. சன்னத்தைப் பிடிக்கும் பித்தளைக் கோதின் வாயை அப்படி நெரித்திருக்கிறாய். ஊறுகாய்ப் போத்தலா மூடினாய்? தோட்டா அடைக்கும் பொறியில் வைத்துச் சன்னத்தை நூலளவு உள்ளே தள்ளினேன். 'டிக்' என்று பிடி விட்டது. பிறகு அடித்தேன், விழுந்தது.

முதலாவதில் மருந்து சரி. அடுத்ததும் சரி.

"சொன்னன்தானே மாமா? உங்களுக்கு எப்பவும் அப்பாவில ஒரு எரிச்சல்."

அதற்கடுத்ததில் சன்னம் மட்டும் விழுந்தது. கோதைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு துணிக்கை மருந்தும் இல்லை. காட்டில் அதைச் சுட்டிருந்தால் அடியிலுள்ள கேப் மட்டும் வெடித்து, சன்னம் துவக்கின் குழலுக்குள் பாதியில் சிக்கியிருக்கும். அது தெரியாமல் அடுத்ததையும் சுட்டிருந்தால் துவக்கு அவன் முகத்திலேயே வெடித்திருக்கும்.

அவன் படியில் குந்திவிட்டான்.

"அப்பாவுக்குக் கண் தெரியேல்லையோ மாமா?"

"நீ எப்பவாவது கேட்டனியோ?"

அவன் அந்த வெறும் கோதையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். நீயாவது சொல்லேன். கண் மங்கியதைச் சொன்னால் துவக்கைப் பறித்துவிடுவோம் என்று பயந்தாயா? பெற்ற பிள்ளையை விடவா உன் வீம்பு பெரிது? இல்லை, மங்கியது உனக்கே தெரியவில்லையா?

மிச்சத்தையும் நானே கழற்றிவிடுகிறேன். அவன் கடைத் தோட்டாவோடு போவான். நீ மூக்கைச் சுளி, பரவாயில்லை. அவன் முழு முகத்தோடு வீடு வந்து சேர்ந்ததும், அடுத்த கிழமை, அதை என் கையாலேயே உனக்கு எழுதுவேன்.

உன்னைத் திட்ட மிச்சமிருக்கும்
உன் மச்சான்