மல்லிகை மணக்கும் நெருப்புச் சட்டை

ஜூன் 12, இரவு



அப்பாவுக்குத் தேயிலை பெக்டரியில் விறகு உலைக்குத் தீ போடுற வேலை. போன மாசம் தீப்பிடிக்காத சட்டை ஒன்று கொடுத்தாங்க. "நெருப்பே எனக்கு சலாம் போடும்டா" என்று ஒரே அலட்டல். நேற்று அம்மா அதைத் துவைச்சப்போ, துணியை மெதுவாக்குற மல்லிகைத் திரவத்தை விளையாட்டுக்கு அரைப் போத்தல் ஊத்திட்டேன். இன்றைக்கு பெக்டரியே கேட்டுச்சாம்: "என்னங்க மாப்பிள்ளை, கல்யாணம் எப்ப?" நானும் வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

சாயங்காலம்தான் காலரில் இருந்த சீட்டைப் படிச்சேன். அந்தத் திரவம் போடவே கூடாதாம். நூலில் படிஞ்சு அதுவே எரியுமாம்.

சட்டைப் பைக்கு உள்பக்கம் நகமளவு துணி வெட்டி, தீக்குச்சியைக் கொளுத்தி வச்சேன். முன்னாடி அப்பா இதே மாதிரி கொளுத்திக் காட்டினப்போ சட்டைத்துணி கருகினது மட்டும்தான். குச்சியை எடுத்ததும் அணைஞ்சிருச்சு. இன்றைக்குக் குச்சியை எடுத்த பிறகும் எரிஞ்சுது.

இந்தச் சட்டையோடதான் இன்றைக்கு முழுக்க உலை முன்னாடி நின்றிருக்கார்.

தட்டி எழுப்பினேன். "அப்பா, அந்தச் சட்டை எரியும்."

"போன வாரம் ரப்பர் பாம்பு, இப்ப இதா? காலையில சிரிக்கிறேன், படுடா."

அழுதேன். அதையும் நடிப்புன்னு நினைச்சுட்டார்.

சட்டையைச் சுருட்டி என் தலைக்கு அடியில் வச்சிருக்கேன், மணம் குமட்டுது. இன்னொரு துண்டு வெட்டி, தீப்பெட்டியோட அவர் காலைத் தேத்தண்ணிக் கோப்பை பக்கத்தில் வச்சாச்சு. நான் சொன்னா நம்ப மாட்டார். நெருப்பே சொல்லட்டும்.